எங்கள் கையெழுத்தை யார் போட்டது? வார்டு மாமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் புதிதாகத் தார்ச்சாலை போடப் போகிறார்கள், இருக்கிற சாலைக்கு மேலேயே. வீட்டு வாசலில் இருக்கும் படியையும் வண்டி ஏற்றுகிற சறுக்கையும் நாங்களே இடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "இந்த ரோட்டை யாருப்பா கேட்டது?" என்று கேட்டோம். "நீங்கதான் கேட்டீங்க. பகுதி சபைல தீர்மானம் போட்டிருக்கீங்களே" என்றார் மேஸ்திரி. பகுதி சபை என்பது வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டம். அப்படி ஒன்று நடந்ததே தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். தீர்மானத்தின் நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் இப்போது என் கையில் இருக்கின்றன. ஒரு வேலைநாள் காலை 11 மணிக்கு, நம் பகுதியிலேயே இல்லாத ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்ததாம். எங்கள் தெரு மக்கள் சாலையை உடனே புதுப்பிக்கும்படி ஒருமனதாகக் கேட்டுக்கொண்டார்களாம். கேட்டுக்கொண்டவர்கள் பட்டியலில் என் மாமியார் பெயரும் இருக்கிறது. அவர் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. ரேஷன் கடையிலும் பாங்கிலும் கைநாட்டுதான். பதிவேட்டிலோ கடைசி எழுத்தில் ஒரு சுழியெல்லாம் வைத்து அழகாகக் கையெழுத்திட்டிருக்கிறார். நகலை அவரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. யாரு போட்டது?" என்றார்.

குடும்பத்தோடு ஓசூருக்குக் குடிபோய்விட்ட தையல்காரரும் அன்றைக்கு வந்து கையெழுத்திட்டிருக்கிறார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேலைநாள் காலை 11 மணிக்கு மண்டபத்தில் ஆஜராகி இருக்கிறார்கள். நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள். தணிக்கைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரு மாத வவுச்சரை ஒரே மூச்சில் எழுதி முடித்தால் பக்கம் எப்படி இருக்குமோ, அந்தப் பதிவேடு அப்படித்தான் இருக்கிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு, மருந்துக்குக்கூட ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

இதை நீங்கள் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நீங்கள் தலைமை ஏற்றதாக அதில் எழுதியிருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேட்காமலே சாலை கிடைத்தால் வேண்டாம் என்கிற பைத்தியக்காரர்கள் யார் என்று உங்களுக்குத் தோன்றலாம்.

எங்கள் தெருச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய இடத்தில் மட்டும் ஒரு வரி பள்ளமாகக் கிடக்கிறது. அதற்குப் பேட்ச் ஒர்க் போதும். ஆனால் மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது. தெருவின் கிழக்குப் பக்கமாகக் கட்டிக்கொண்டே வந்தவர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கே இருக்கும் மின்சாரப் பில்லர் பெட்டியை ஒரு துறை நகர்த்தினால்தான் இன்னொரு துறை மேற்கொண்டு கட்ட முடியுமாம். இரண்டு அலுவலகத்துக்கும் நடந்தோம். இவர்கள் அவர்களைக் கைகாட்டினார்கள், அவர்கள் இவர்களைக் கைகாட்டினார்கள். கட்டிய வடிகாலுக்குப் போக்கிடம் இல்லாததால் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் அதன் வழியாகவே வெளியே வருகிறது. மழை இல்லாத நாளில் யாரோ ரகசியமாக இணைத்துவிட்ட கழிவுநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. இந்த வடிகாலை இன்னும் ஐம்பது அறுபது அடி நீட்டி அடுத்த தெருவின் வடிகாலோடு சேர்த்தால் போதும். எங்கள் தெருவில் யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். தீர்மானத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நீங்களும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து எங்களைப் பார்த்தீர்கள். பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொடுத்தீர்கள், மறக்கவில்லை. அன்று எங்கள் வீடுகளுக்குள் வந்த தண்ணீரில் பாதி பிரதான சாலையிலிருந்து இறங்கி வந்தது. பிரதான சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் தெருவைப் பள்ளமாக்கிவிட்டார்கள். இப்போது தெருவையும் அதே போல உயர்த்தினால் அடுத்த மழையில் பள்ளமாக இருக்கப்போவது வீடுகள்தான். பழைய வீடுகளில் தரைத்தளம் ஏற்கெனவே தெருவுக்கு ஒரு படி கீழே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லாம் வாடகைக்காரர்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு வசதி இருந்தால் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கிவிடுகிறார். சென்னையில் இப்போது அதுவே ஒரு தொழிலாகிவிட்டது. லட்சக்கணக்கில் செலவாகும் வேலை. அந்தச் செலவைப் பிறகு வாடகையில் யார் கட்டுவது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் உத்தரவு இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்கே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்து போகக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். மில்லிங் என்று பொறியாளர்கள் சொல்கிற வேலைதான் அது. எங்கள் தெருவுக்கான வேலையில் மில்லிங் உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டால் சிரிக்கிறார். "சந்துக்குள்ள அந்த மிஷின் வராதும்மா" என்கிறார். மிஷின் வராத சந்தில் சாலை மட்டும் எதற்கு வர வேண்டும்?

இனி சபைக்கு வருகிறேன். எனக்குச் சாலையைவிட அதுதான் பெரிது.

2011-இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் மாநகராட்சிக்குள் வந்தன. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள். மடிப்பாக்கம், முகலிவாக்கம், நெற்குன்றம், சூரப்பட்டு, காரப்பாக்கம் எல்லாம் அதுவரை ஊராட்சிகள்தான். நம் வார்டின் பெரும்பகுதியும் அப்படி ஓர் ஊராட்சியாகத்தான் இருந்தது. நான் இங்கே கல்யாணமாகி வந்த புதிதில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நான்கு முறை பள்ளிக்கூட வராந்தாவில் கிராம சபை கூடும். முதல் நாளே தண்டோரா போட்டுவிடுவார்கள். ஊராட்சித் தலைவர் வரவு செலவை உரக்க வாசிக்க வேண்டும். பைப்லைனுக்கு இவ்வளவு, பல்பு வாங்கியது இவ்வளவு என்று அவர் வாசிக்க, "அந்த பல்பு எந்தக் கம்பத்துல எரியுது, காட்டு" என்று கிழவிகள் நடுவில் புகுந்து கேட்பார்கள். 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சி என்றால் 300 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதியே இருந்தது.

அது ஒன்றும் பொற்காலம் அல்ல. காலனி ஆட்கள் வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள். அவர்கள் கோரிக்கை கடைசியில்தான் எழுதப்படும், சில சமயம் எழுதப்படாமலே போகும். பெண்கள் பேசினால் ஒரு சிரிப்பு எழும். ஆனாலும் கேட்கிற உரிமை அங்கே எல்லோருக்கும் இருந்தது. தலைவர் அந்த நாளில் எங்கேயும் ஓட முடியாது.

மாநகராட்சிக்குள் வந்தோம், கிராம சபை போயிற்று. சாலையும் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வரும் என்றார்கள். சில வந்தன, மறுக்கவில்லை. ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. 2016 அக்டோபரோடு அப்போதைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு 2022 தொடக்கம் வரை இவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலரும் அதிகாரிகளும் நடத்தினார்கள். அந்த ஐந்து வருஷத்துக்கு மேலான காலத்தில் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குவதுதான் எங்கள் உள்ளாட்சி. அப்புறம் 2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போட்டோம். நீங்கள் வந்தீர்கள்.

நகரத்து மக்களுக்கும் சபை வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சொல்லி, அது 1993-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2010-இல் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2022-இல். அதன்படி சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார்கள். அந்தந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். தெருவிளக்கு எங்கே வேண்டும், குழாய் எங்கே வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று சொல்வது அவர்கள் வேலை. பகுதிக்கு ஒருவர் என்று பத்துப் பேர் வார்டு குழுவில் உங்களோடு உட்காருவார்கள். அந்தப் பத்துப் பேரை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, மன்றம்தான் நியமிக்கும். அது என் பார்வையில் இந்த விதிகளின் பெரிய ஓட்டை. எங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்டவர் உங்கள் கட்சியின் வட்டத்தில் பொறுப்பில் இருக்கிறார். கட்சிக்காரர் என்பதால் தப்பில்லை. கட்சி வேலை செய்கிறவர்களில் ஊர்வேலை செய்கிறவர்களும் நிறைய உண்டு. ஆனால் இவர் எங்கள் தெருவுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று, மாநிலம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே உட்கார்ந்து கேட்டார். அன்று நம் பகுதியிலும் சபை நடந்தது, நானும் வந்திருந்தேன். நீங்கள் பதவிக்குப் புதிது, பதற்றமாக இருந்தீர்கள், ஆனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் சொன்னதையும் நீங்களே எழுதினீர்கள். பின்பக்கச் சந்தில் எரியாத விளக்கைப் பற்றி பூக்காரம்மா சொன்னார். விளக்கு எரிந்தது. அடுத்த மழைக்காலம் வரை சந்தில் அந்த விளக்கைக் காட்டி உங்களைப் பற்றி நல்ல வார்த்தை பேசினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது முடியாத காரியம் இல்லை. ஒருமுறை செய்து காட்டியிருக்கிறீர்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? இரண்டாவது கூட்டத்துக்கு அழைப்பு முந்தின நாள் இரவு ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும்தான். மூன்றாவதற்கு நாங்கள் போனபோது பின்னால் ஃபிளெக்ஸ் கட்டி, படம் எடுத்து, சமோசா கொடுத்து, "எல்லாக் கோரிக்கையும் பரிசீலிக்கப்படும்" என்று முடித்துவிட்டார்கள். மைக் எங்கள் பக்கம் வரவே இல்லை. அதற்கு அப்புறம் நடந்தவை எதுவும் எங்களுக்குத் தெரியாது, பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாமன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கியவை. நீங்கள் அப்படி வந்தவர் என்பதில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் உங்கள் எண்ணுக்குப் போன் செய்தால் எடுப்பது உங்கள் வீட்டுக்காரர். வேலை நடக்கும் இடத்தில் வந்து நின்று ஒப்பந்ததாரரிடம் பேசுவதும் அவர்தான். உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரைத்தான் "கவுன்சிலர் சார்" என்கிறார்கள். போன முறை நாங்கள் பெண்களாகச் சேர்ந்து வந்தபோது நீங்கள் உள்ளே இருந்தும், "எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்" என்று அவர் எங்களை வாசலிலேயே அனுப்பிவிட்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இல்லை. மாதவிடாய்த் துணி போட இடமில்லாத பொதுக் கழிப்பறையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று எங்களோடு வந்த பெண்கள் பேசாமல் திரும்பிவிட்டார்கள். அந்தக் கழிப்பறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சபையைக் கூட்டினால் சண்டை வருகிறது, அதனால்தான் கூட்டுவதில்லை என்று உங்கள் தரப்பில் சிலர் சொல்கிறார்கள். சண்டை வரத்தான் செய்யும். எங்கள் தெருவிலேயே எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. முனையில் இருக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கு உண்மையிலேயே சாலை உயர்வதில் ஆட்சேபணை இல்லை. அவர்கள் கட்டடம் தூண் மேல் நிற்கிறது, கீழே கார் நிறுத்தம். சந்தில் இருப்பவர்களுக்கு வடிகால் வேண்டும். நடுவில் கடை வைத்திருப்பவர்களுக்கு மழை முடிகிற வரைக்கும் தோண்டவே கூடாது. இதையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டே ஆனாலும், பேசி முடிக்கத்தானே சபை? ஒருமனதாக என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் சந்தேகமே வந்தது. எங்கள் தெரு எதிலும் ஒருமனதாக இருந்ததில்லை, பிள்ளையார் சதுர்த்திக்கு வசூல் பண்ணுவதில்கூட.

கூப்பிட்டாலும் ஜனங்கள் வருவதில்லை என்பது இன்னொரு சமாதானம். எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். வந்து பேசி, அது எழுதப்பட்டதா என்றுகூடத் தெரியாமல் திரும்ப வேண்டும். அடுத்த முறை அவர் ஏன் வருவார்? இதைவிட முக்கியமாக, வாக்காளர் பட்டியல் என்கிற கணக்கில் எங்கள் தெருவின் ஒரு பெரிய பங்கு வெளியே நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில், திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ. தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அவர்கள் வீட்டு அரிசி டிரம்தான். 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தபோது அதை வாடகையில் கொடுத்ததும் அவர்கள்தான். கையெழுத்திட உரிமை இல்லாவிட்டால் போகட்டும், பேசவாவது விடலாம். எந்த விதியும் ஒருவர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்று தடுக்கவில்லை.

உங்கள் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் செய்ய முடிகிறவற்றை மட்டுமே கேட்கிறேன். தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேசித்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் சாலை வேலையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பில்லர் பெட்டியை நகர்த்துவதற்கு இரண்டு துறைகளின் பொறியாளர்களையும் ஒரே நாளில் தெருவுக்கு அழைத்து வாருங்கள், எங்கள் முன்னால் தேதி சொல்லட்டும். வடிகால் இணைப்பு முடிந்த பிறகு சாலை போடுவதென்றால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இப்போதுள்ள மட்டத்துக்கு ஓர் அங்குலம்கூட உயராமல் போடட்டும். பெரிய மிஷின் வராத இடத்தில் சின்ன மிஷின் கொண்டு வருவது ஒப்பந்ததாரரின் பாடு. மட்டத்தை நாங்கள் இப்போதே வீட்டுச் சுவர்களில் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வார்டு குழுவைக் கூட்டுங்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளை எழுதியது யார் என்று விசாரிக்கும்படி மண்டல அலுவலருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நாங்கள் எழுதுவோம். என் மாமியார் உட்படக் கையெழுத்திடாத பதினாறு பேர் அதற்கு வாக்குமூலம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

பகுதி சபையை மறுபடி கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், நம் பகுதிக்குள்ளேயே, பழைய பள்ளிக்கூட வராந்தாவில். குறைந்தது பத்து நாள் முன்னால் அறிவிப்பு ரேஷன் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், அம்மன் கோயில், பின்பக்கச் சந்து ஆகிய இடங்களில் காகிதத்தில் ஒட்டப்பட வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் போடுவதைப் போடுங்கள், அதோடு நிறுத்தக் கூடாது. வாடகைக்காரர்களும் சந்துக்காரர்களும் பேச நேரம் ஒதுக்குங்கள். பெண்களை முதலில் பேசவிடுங்கள், இல்லாவிட்டால் நேரம் முடிந்துவிட்டது என்று கடைசியில் அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நீங்கள் மேடையில் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் எங்களோடு கீழே உட்காரட்டும். அவரும் இந்த வார்டு வாக்காளர்தான், அவருக்கும் பேச நேரம் தருவோம். அன்று உங்கள் வார்டு மேம்பாட்டு நிதி நீங்கள் பதவியேற்ற நாளிலிருந்து எந்தத் தெருவில் எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று தொகையோடு வாசியுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை அங்கேயே ஒட்டிவிட்டுப் போங்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானங்களை எழுதி, வாசித்துக் காட்டி, வந்தவர்கள் கண்முன்னால் கையெழுத்தும் கைநாட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அடுத்த சபையில் முதல் வேலையாக அந்தப் பட்டியலை எடுத்து நடந்தது எது, நடக்காதது எது என்று படியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் சபையைக் கூட்டும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், தெருமுனை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மைக் செட்டுக்கும் நாற்காலிக்கும் ஆகும் செலவைத் தெருவில் வசூலித்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு வாக்காளர் ஒருத்தி
(தெருக்காரர்கள் சார்பாகவும்)